ஃபோனில் பறக்கும் நெட், ரூட்டருக்கு வந்ததும் ஏன் ஊர்கிறது?

உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் ஃபைபர் இன்னும் எட்டாத வீடுகள் நிறைய இருக்கின்றன. தார் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு தோட்டத்துச் சாளை இருக்கும். ஒரே ஒரு வீட்டுக்காகக் கம்பம் கம்பமாகக் கேபிள் இழுத்து வர யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒரு சிம்மைப் போட்டு, அதை ரூட்டரோடு இணைத்து, வீடு முழுக்க வைஃபை கொடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்டியிருக்கும் எனக்கு இவர்களிடமிருந்து வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: "ஃபோன்ல பாத்தா நல்லா வருதுங்க தம்பி. இந்த டப்பாவுல போட்டா மட்டும் ஊருதுங்க."

உடனே டப்பாவை மாற்றிவிடுகிறார்கள். புது ரூட்டர் வந்த பிறகும் அதே கதை தொடரும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

நெட் உங்கள் லேப்டாப்புக்கு வர மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். டவரிலிருந்து ஃபோன், ஃபோனிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து லேப்டாப். எந்தக் கட்டம் மெதுவோ, மொத்தமும் அந்த வேகம்தான். எந்தக் கட்டம் என்று தெரியாமல் செட்டிங்கை மாற்ற ஆரம்பித்தால் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கலாம். முதலில் அளந்து பாருங்கள்.

அளப்பது எப்படி

ஸ்பீடு டெஸ்ட் எதை வைத்தும் செய்யலாம். நான் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைப் பயன்படுத்துகிறேன். அதில் முதலில் வரும் பெரிய எண்ணோடு நிறுத்தாமல், கூடுதல் விவரத்தைத் திறந்தால் அப்லோடு வேகமும், லைன் சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் எவ்வளவு தாமதம் என்பதும் தெரியும். அந்தத் தாமதக் கணக்கு பின்னால் உதவும். எதைப் பயன்படுத்தினாலும் எல்லா அளவையும் அதே தளத்தில், அடுத்தடுத்து எடுங்கள். காலை பத்து மணிக்கு ஃபோனில் பார்த்ததையும் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியில் பார்த்ததையும் ஒப்பிடுவதில் பயனே இல்லை.

முதல் அளவு ஃபோனில். அது நிரந்தரமாக எங்கே இருக்கப்போகிறதோ அங்கேயே வைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். வைஃபையை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வீடுகளில் நெட் கொடுக்கும் ஃபோனே அந்த ரூட்டரின் வைஃபையில் போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் பழைய பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருக்கும். யூஎஸ்பி டெதரிங், அதாவது ஃபோனின் நெட்டைக் கேபிள் வழியாக ரூட்டருக்குக் கொடுப்பது, செய்திருந்தால் விவகாரம் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு மொபைல் டேட்டாவைவிட வைஃபைக்குத்தான் முன்னுரிமை தரும். ஆகவே ஃபோன் ரூட்டரிடம் நெட் கேட்கும், ரூட்டர் ஃபோனிடம் கேட்கும். கொஞ்ச நேரம் வரும், கொஞ்ச நேரம் போகும், யாருக்கும் காரணம் புரியாது. அந்த ஃபோனில் வீட்டு வைஃபை பெயரை அழுத்திப் பிடித்து 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். இது ஒன்றிலேயே சரியான வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதாக, அதே ஃபோனை யூஎஸ்பி கேபிளில் நேராக ஒரு லேப்டாப்பில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் போட்டு அளக்க வேண்டும். ரூட்டர் இதில் வராது. மூன்றாவதாக, ஃபோனை வழக்கம்போல ரூட்டரோடு இணைத்து, லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரில் செருகி அளந்து பாருங்கள். கடைசியாக, வைஃபையில். நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முதல் எண்ணே குறைவு என்றால்

அப்படியானால் ரூட்டருக்கு இதில் சம்பந்தமில்லை. இங்கேதான் பெரும்பாலான தோப்பு வீடுகளின் சிக்கல் இருக்கிறது. "ஃபோன்ல நல்லா வருது" என்று சொல்பவர்கள் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். டெதரிங் ஃபோனோ உள்ளே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கும்.

டவர் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனி ஃபோனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். டயலரில் *#*#4636#*#* அடித்தால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். சாம்சங் என்றால் *#0011# அடித்துப் பாருங்கள், ஐஃபோனில் *3001#12345#*. எதுவும் திறக்கவில்லையென்றால் நெட்மான்ஸ்டர் போன்ற ஒரு ஆப் போதும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். மைனஸில் இருக்கும். மைனஸ் 90-க்கு மேலே, அதாவது மைனஸ் 80 பக்கம் இருந்தால் அருமை, மைனஸ் 105 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110-ஐத் தாண்டினால் தடுமாறும். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு நடுவே சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. 20-க்கு மேல் என்றால் பிரமாதம், 10-க்கு மேல் நல்லது, 0-வை ஒட்டியோ மைனஸிலோ இருந்தால் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. பலம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தெளிவு நன்றாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று, எண் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் சிக்னலைக் கடுமையாக மறைக்கும். பழைய வீடுகளின் ஒன்றரை அடி மண் சுவரும் அப்படித்தான். ஓட்டு வீட்டில் பரண்மேல் வைத்தால் பல சமயம் வேலை நடக்கும். தென்னை மரங்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள்: மழை பெய்து ஓலை நனைந்திருக்கும்போதும், ஆடிக் காற்றில் ஓலைகள் ஆடும்போதும் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மரத் தலைகளுக்கு மேலே வரும் உயரம் கிடைத்தால் அதற்கு ஈடே கிடையாது.

ஒரு பெரியவர் வீட்டில் மருமகள் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஹாலில் டிவி பக்கத்தில் ஃபோனுக்கு மைனஸ் 113, எஸ்ஐஎன்ஆர் 2. அதே ஃபோனை மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல்தளத்துக்குக் கொண்டுபோனதும் மைனஸ் 94, எஸ்ஐஎன்ஆர் 14. டவுன்லோடு 6 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 38-க்குப் போனது. "ஏனுங்க, அப்ப நானு படிக்கட்டுலயே உக்காந்து வேலை பாக்கணுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டியதில்லை. ஃபோன் டவருக்குப் பிடித்த இடத்தில் இருக்கட்டும், ரூட்டர் ஆட்கள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் கேபிள் போட்டுக்கொள்ளலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது பேண்ட், அதாவது ஃபோனும் டவரும் பேசிக்கொள்ளும் அலைவரிசை. கோடுகள் நிறைய இருந்தும் வேகம் இல்லையென்றால் இதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 4ஜி முக்கியமாக 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. 850-உம் 900-உம் தூரமாக வரும், சுவரைத் துளைத்து உள்ளேயும் வரும். ஆனால் அங்கே கம்பெனிகளிடம் இருக்கும் அகலம் குறைவு. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சாதாரண 4ஜி ஃபோனுக்கு அதிகபட்சம் கிட்டத்தட்ட 37 எம்பிபிஎஸ், அதையும் அந்த டவரில் இருக்கும் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் அதே ஃபோனுக்கு 100-க்கு மேலேயே போகும். அதனால்தான் பேண்ட் 5-இல் (850) முழுக் கோடு காட்டும் இடத்தைவிட, பேண்ட் 40-இல் (2300) இரண்டு கோடு காட்டும் ஜன்னலோரம் பல சமயம் வேகமாக இருக்கிறது. உங்கள் ஃபோன் எந்தப் பேண்டில் இருக்கிறது என்பதை அதே ஆப் காட்டும். ஜன்னல் பக்கம், மாடி என்று நகர்த்தினால் பல சமயம் அது தானாகவே அகலமான பேண்டுக்குத் தாவும்.

5ஜியிலும் இதே நியாயம்தான். 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் 5ஜி வேகமானது, ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. வீட்டுக்குள் 5ஜி விளிம்பில் நின்றுகொண்டு, 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று ஃபோன் தாவிக்கொண்டே இருந்தால் வீடியோ கால் அறுந்து அறுந்து வரும். அந்த மாதிரி இடத்தில் நெட்வொர்க் டைப்பை 4ஜி என்று வைத்துவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் நிலையாக நிற்கும். 'அன்லிமிடெட் 5ஜி' பிளானை நம்பி இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஃபோன் 5ஜியில் இருக்கும்வரைதான் அந்த அன்லிமிடெட். 4ஜிக்கு இறங்கியதும் தினசரி 2 ஜிபியோ 2.5 ஜிபியோ கரைய ஆரம்பிக்கும். கரைந்து முடிந்தால் பெரும்பாலான பிரீபெய்ட் பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்குப் போய்விடும். ஸ்பீடு டெஸ்டில் 0.06 என்று வந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம், டேட்டா தீர்ந்திருக்கிறது.

பழைய ஃபோன் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இழுப்பறையில் கிடந்த ஐந்தாறு வருட ஃபோனைத்தான் எல்லோரும் இதற்கு ஒதுக்குகிறார்கள். பல மலிவான பழைய மாடல்களின் மோடம் ஒரே நேரத்தில் ஒரே பேண்டில்தான் பேசும். புதிய ஃபோன் இரண்டு மூன்று பேண்டுகளைச் சேர்த்து இழுக்கும். உங்கள் கையில் இருக்கும் நல்ல ஃபோனில் அந்தச் சிம்மைப் போட்டு, அதே இடத்தில் அளந்து பாருங்கள். இரட்டிப்பாக வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

பகலில் நன்றாக இருந்து ராத்திரி ஏழு மணிக்கு மேல் மட்டும் படுத்துவிடுகிறதா? டவரில் கூட்டம். வீட்டுக்குள் செய்ய எதுவும் இல்லை. வேறு கம்பெனி சிம்மை இரவல் வாங்கி அதே ராத்திரி நேரத்தில் சோதிப்பதுதான் வழி.

ஃபோனுக்கும் ரூட்டருக்கும் நடுவில்

ஃபோனில் 40 வருகிறது, ரூட்டரில் 9 என்றால் பிரச்சினை இங்கேதான். இணைக்க மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே தரம் கிடையாது.

வைஃபை வழிதான் எல்லோரும் செய்வது. ஃபோனில் ஹாட்ஸ்பாட், ரூட்டரை டபிள்யூஐஎஸ்பி (WISP) அல்லது ரிப்பீட்டர் மோடில் வைத்து அந்த ஹாட்ஸ்பாட்டைப் பிடிக்கச் சொல்வது. இதில் வேகம் குறைய முக்கியக் காரணம், ரூட்டர் ஒரே ரேடியோவில் ஃபோனிடமும் பேசி, உங்கள் லேப்டாப்பிடமும் பேசுவது. ஒரே நேரத்தில் ஒருவரோடுதான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மலிவான ரூட்டர் என்றால் தப்பிக்கவே வழியில்லை. இரண்டு பேண்ட் உள்ள ரூட்டராக இருந்தால், ஃபோனை 5 ஜிகாஹெர்ட்ஸில் பிடிக்க வைத்து, வீட்டுக்கு 2.4-இல் கொடுங்கள். சிக்னல் தூரம் போக வேண்டாம் என்றால் மாற்றியும் செய்யலாம்.

இதற்கு ஃபோன் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பேண்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். சில ஃபோன்களில் 'எக்ஸ்டெண்ட் கம்பாட்டிபிலிட்டி' என்ற சுவிட்ச் மட்டும் இருக்கும், அதை அணைக்க வேண்டும். ஐஃபோன் 12-இலும் அதற்குப் பிறகான மாடல்களிலும் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை அணைத்து வையுங்கள். ஆன் செய்திருந்தால் 2.4-க்கு இறங்கிவிடும். யாரும் இணையவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைக்கும் வசதியும் ஆண்ட்ராய்டில் உண்டு. கரண்ட் போய் ரூட்டர் கொஞ்ச நேரம் செத்திருந்தால் ஹாட்ஸ்பாட்டும் போய்விடும், அதனால் அந்த வசதியையும் அணையுங்கள். ஃபோனை ரூட்டரின் மேலேயே படுக்கவைக்கவும் வேண்டாம். சூடு ஒருபக்கம், ரேடியோக்கள் ஒன்றின் காதில் ஒன்று கத்துவது இன்னொரு பக்கம். நாலு அடி தள்ளி வையுங்கள்.

இரண்டாவது வழி யூஎஸ்பி கேபிள். வைஃபையைவிட நிலையானது, தாமதமும் குறைவு. ஆனால் ரூட்டரில் யூஎஸ்பி துளை இருப்பதாலேயே இது நடந்துவிடாது. பல வீட்டு ரூட்டர்களில் அந்தத் துளை பென் டிரைவுக்கும் பழைய டாங்கிளுக்கும் மட்டும்தான். ஃபோன் டெதரிங்கை ஏற்குமா என்று வாங்கும் முன்பே மாடலின் விவரப் பக்கத்தில் பாருங்கள். ஜிஎல்.ஐநெட் ரூட்டர்களில் யூஎஸ்பி துளை இருந்தால் டெதரிங் பட்டன் அப்படியே இருக்கும். ஆசுஸ் மாடல்கள் பலவற்றிலும் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரூட்டர் மென்பொருள் போட்ட ரூட்டர் என்றால் ஆர்என்டிஐஎஸ் (RNDIS) டிரைவரை நிறுவ வேண்டும். ஐஃபோனுக்கு வேறு டிரைவர், அதோடு யூஎஸ்பிமக்ஸ்டி (usbmuxd) என்ற சேவையும் வேண்டும்.

யூஎஸ்பியில் வேகம் குறைந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பெட்டிக்கடை சார்ஜிங் கேபிள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. இருந்தாலும் மெலிசாக இருக்கும், நீளமாகப் போட்டால் அறுந்து அறுந்து இணையும். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, நான் 2 மீட்டரைத் தாண்ட விடுவதில்லை. அடுத்து ரூட்டரின் மூளை. நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் வரும்; யூஎஸ்பி வழியாக வரும் ஒவ்வொரு பொதியையும் ரூட்டரின் பிராசசரே கையால் தூக்கிப் போட வேண்டும், பிராசசரின் சுமையைக் குறைக்கும் ஹார்டுவேர் முடுக்கம் எதுவும் இந்த வழியில் பெரும்பாலும் வேலை செய்யாது. 580 மெகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் உள்ள சின்ன ரூட்டரில் விபிஎன்னும் சேர்ந்து ஓடினால் அதோகதிதான். டெஸ்ட் ஓடும்போது ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், பெரிய ரூட்டர்தான் மருந்து. எத்தனை தரம் அளந்தாலும் 93, 94 என்றே வந்து நின்றால் அதன் அர்த்தம் வேறு: நடுவில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட் இருக்கிறது, அல்லது லேன் கேபிளில் ஒரு ஜோடி கம்பி சரியாக இல்லை.

யூஎஸ்பி 3.0 துளையிலிருந்தும் கேபிளிலிருந்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. ஃபோனைச் செருகியதும் வீட்டின் 2.4 வைஃபை மட்டும் மந்தமானால் இதுதான். ரூட்டரின் யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது சாதாரண 2.0 கேபிளைப் போடுங்கள். ஃபோன் நெட்டுக்கு அது தாராளம்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஈதர்நெட் டெதரிங் வந்திருக்கிறது. யூஎஸ்பி-சியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றை ஃபோனில் மாட்டி, அதிலிருந்து சாதாரண லேன் கேபிளை ரூட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வரும் துளையில், செருகி, ஃபோனில் ஈதர்நெட் டெதரிங்கை ஆன் செய்தால் முடிந்தது. ரூட்டருக்கு இது ஏதோ ஒரு பிராட்பேண்ட் மோடம் மாதிரிதான் தெரியும். டைனமிக் ஐபி என்று வைத்தால் போதும். யூஎஸ்பி ஆதரவே இல்லாத மலிவு ரூட்டரும் இதில் ஓடும், ஹார்டுவேர் முடுக்கமும் வேலை செய்யும். எல்லாவற்றையும்விட, லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். படிக்கட்டின் மேல்தளத்தில் ஃபோன், கீழே ஹாலில் ரூட்டர் என்று அந்த மருமகள் வீட்டில் நான் செய்து கொடுத்தது இதைத்தான்.

வாங்கும்போது சார்ஜரையும் சேர்த்துச் செருக வசதியுள்ள அடாப்டராக வாங்குங்கள், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் ஃபோன் செத்துவிடும். உங்கள் ஃபோனில் அந்த வசதி இருக்கிறதா என்று ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பாருங்கள். அடாப்டரையும் கேபிளையும் செருகும்வரை அந்த வரி மங்கலாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். கேபிள் முழுச் செம்பு கேட்6 ஆக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டது பாதி விலைக்குக் கிடைக்கும், வெயிலில் சீக்கிரம் போய்விடும். மாடிக்குப் போகும் கேபிள் என்றால் இடி இடிக்கும்போது ரூட்டரிலிருந்து உருவிவிடுங்கள்.

சூடும் சார்ஜும்

டெஸ்ட் போட்டால் நன்றாக இருக்கிறது, கால் மணி நேரம் கழித்துப் படுத்துவிடுகிறது என்றால் ஃபோனைத் தொட்டுப் பாருங்கள். மோடம் வேலை செய்கிறது, ஹாட்ஸ்பாட் வேலை செய்கிறது, சார்ஜும் ஏறுகிறது. சித்திரை மாதத்தில் ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சூடு ஏறியதும் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் 5ஜியை விடும், அப்புறம் பிராசசர் வேகத்தைக் குறைக்கும். கவரைக் கழற்றுங்கள், திரையை அணைத்து வையுங்கள், நிழலில் செங்குத்தாக நிறுத்துங்கள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பின்னால் வைத்தவர்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது.

நாள் முழுக்க 100 சதவீதத்திலேயே செருகி வைத்தால் பேட்டரி வீங்கக்கூடும். இப்போதைய ஃபோன்கள் பலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் ஃபோனை எக்காரணம் கொண்டும் வீட்டில் செருகி வைக்காதீர்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. ரூட்டரின் யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர்தான். டெதரிங் செலவு அதைவிட அதிகமானால் செருகியிருக்கும்போதே பேட்டரி மெல்ல இறங்கும். இறங்கி இறங்கி பேட்டரி சேவர் தானாக ஆன் ஆகும். அதன் பிறகு நெட் மந்தமாகும். சாயங்காலம் தோறும் மெதுவாகிறது, டவர் கூட்டமாக இருக்கும் என்று நினைத்த வீட்டில் இது காரணமாக இருந்திருக்கிறது.

டேட்டாவைக் குடிப்பது யார்

ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு ஃபோன் நேராக இணைந்தால், இது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய லைன் என்ற தகவல் அதற்கு ஓசைப்படாமல் போய்ச் சேரும். நடுவில் ரூட்டரை வைத்ததும் அந்தத் தகவல் அறுந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளும் இதை ஃபைபர் என்றே நினைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்கள் அத்தனையும் பேக்கப் போக ஆரம்பிக்கும். லேப்டாப் விண்டோஸ் அப்டேட்டை இழுக்கும். டிவி உச்சத் தரத்தில் ஓடும். நெட் மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் புகார் சொல்லும் நேரத்தில் அது உண்மையில் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும், உங்களுக்காக இல்லாமல்.

ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் 'மீட்டர்டு' என்று வையுங்கள். விண்டோஸிலும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' உண்டு. ஐஃபோனில் 'லோ டேட்டா மோட்'. டிவியில் யூடியூப் தரத்தை 720-இல் நிறுத்துங்கள்.

வேகம் இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது

டெஸ்டில் 30 காட்டும், வீடியோ கால் மட்டும் உறையும். இங்கேதான் ஃபாஸ்ட் டாட் காம் காட்டிய தாமதக் கணக்கு வேண்டும். சும்மா இருக்கும்போது 40 மில்லிசெகண்ட், வேலை செய்யும்போது 600 என்றால் வரிசை நெரிசல். மொபைல் நெட்டில் அப்லோடு குறைவு. யாரோ ஒருவர் ஃபோட்டோ ஏற்றினாலே அது நிரம்பிவிடும். கரும்பு லோடு டிராக்டர் முன்னால் போகும் ஒற்றை ரோட்டில் பைக் எவ்வளவு வேகமானதாக இருந்தும் என்ன பயன்? ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) வசதி இருந்தால் அதை ஆன் செய்து, ராத்திரி நேரத்தில் அளந்த அப்லோடில் 80, 85 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். மொபைல் நெட் ஏறி இறங்கும் என்பதால் பகல் அளவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். டவுன்லோடுக்கும் வரம்பு வைக்கலாம், ஆனால் அப்லோடுதான் முக்கியம்.

சில தளங்கள் பாதியில் நிற்கும், சில நன்றாகத் திறக்கும் என்றால் எம்டியு (MTU), அதாவது ஒரு பொதியின் உச்ச அளவு, காரணமாக இருக்கலாம். மொபைல் நெட்வொர்க்கில் ஒரு பொதியின் அளவு வழக்கமான 1500-ஐவிடச் சிறியதாக இருக்கலாம். ரூட்டரின் வேன் பக்கத்தில் எம்டியுவை 1400 என்று மாற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், 1420-ஆ 1430-ஆ என்று ஆராய்ந்து கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. எல்லாத் தளமும் திறக்கும் முன் இரண்டு மூன்று நொடி யோசித்தால் டிஎன்எஸ் (DNS), அதாவது தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை. ரூட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போடுங்கள். ஐபிவி6 (IPv6) என்ற புதிய முகவரி முறை அரைகுறையாக வந்து நின்றாலும் இதே மாதிரி தயக்கம் தெரியும். ரூட்டரில் ஐபிவி6 பாஸ்த்ரூ இருந்தால் ஆன் செய்யுங்கள், வேலை செய்யவில்லையென்றால் முழுதாக அணையுங்கள். பாதியில் விடுவதுதான் கெடுதல்.

ரூட்டரிலிருந்து லேப்டாப் வரையிலான கடைசிக் கட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது சாதாரண வைஃபை சமாச்சாரம். ரூட்டரைப் பீரோவுக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கருவிகளுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் கொடுங்கள், 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாக இருக்கட்டும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். ரூட்டர் அணைந்து எழுந்தால் யூஎஸ்பி டெதரிங் பல ஃபோன்களில் தானாகத் திரும்பி வராது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதை யூஎஸ்பி டெதரிங் என்று வைத்தால் பல மாடல்களில் தானே எழுந்துவிடும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஃபோன் நாள் முழுக்கச் சூடாகவே கிடக்கிறது, வீட்டில் இரண்டு பேர் இதை நம்பி வேலை பார்க்கிறார்கள் என்றால், சிம் போடும் ரூட்டர் ஒன்றை வாங்கிவிடுவதே மேல். வெளி ஆன்டெனா மாட்டத் திருகு இணைப்பு உள்ளதாகவும், உங்கள் டவர் தரும் பேண்டுகளைப் பிடிப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் பெட்டியில் 4ஜி என்று எழுதியிருக்கும், உள்ளே பேண்ட் 40 இருக்காது. வாங்கும் முன் நெட்மான்ஸ்டரில் பார்த்த பேண்ட் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால் பெட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.